அக்கா பாதி பார்த்த படம்

2024-இல் தீபாவளி ஒரு வியாழக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கு எல்லோரும் விடுப்பு எடுத்துக்கொண்டதால் கோலாலம்பூர்த் தம்பியும் ஜொகூர்த் தம்பியும் குடும்பத்தோடு சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டிலேயே நான்கு நாள் தங்கிவிட்டார்கள். மூன்று அறைத் தாமான் வீட்டில் பதினாறு பேர். குளியலறைக்கு வரிசை, வாசலில் செருப்புக் குவியல். வெள்ளி மாலை, கடைசி விருந்தாளிகளாக எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் வந்து முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பிப் போன பிறகு, தம்பி மகன் தொலைக்காட்சியில் ‘வாழை’ படத்தைப் போட்டான். படம் முடிந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒரு வருடம் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்திலும் நண்பர்கள் நடுவிலும் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, நானாக எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறப் போகிற கடையில் உட்கார்ந்தால், ரொட்டி சானாய் வருவதற்கு முன்பே “என்ன சார், படம் எப்படி?” என்ற கேள்வி வந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு படத்தைத் தூக்கி நிறுத்துவேன், இல்லாவிட்டால் குழிதோண்டிப் புதைப்பேன். புதைப்பதற்கு நான் அதிகம் பயன்படுத்தும் சொல் ‘இழுவை’. இந்த ஒரு சொல்லை வைத்து இருபது வருடத்தில் எத்தனை படங்களை முடித்திருக்கிறேன் என்று எண்ணினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்று ‘வாழை’ ஓடியபோது நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். நெல்லைப் பக்கத்துப் பேச்சு எங்கள் காதுக்குப் பாதிதான் எட்டியது. தமிழ்ப்படத்தைத் தமிழர்கள் பதினாறு பேர் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் வாரக்கடைசியில் சேற்றில் இறங்கி வாழைத்தார் சுமக்கும் காட்சிகளுக்கு எந்த எழுத்தும் தேவைப்படவில்லை. சிவனணைந்தன் என்ற அந்தப் பையனின் கழுத்து தார்ச் சுமையில் அமுங்கும்போது அம்மா தன்னையறியாமல் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். ரஜினி பெரியவனா, கமல் பெரியவனா என்று பையன்கள் சண்டை போட்டபோது தம்பிகள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தச் சண்டையில் ஒரு முறை மண்டை உடைந்திருக்கிறது. டீச்சர் வரும் பகுதிகள் எனக்குக் கொஞ்சம் தித்திப்பு அதிகம். அதையும் அங்கேயே அறிவித்தேன். கடைசி அரை மணி நேரத்தில் எதையும் அறிவிக்கும் நிலையில் நான் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியைச் சும்மா விட்டிருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? “இதுதான் பெரியப்பாவின் கதை” என்று தொடங்கினேன். “லிந்தாங் போகும் சாலையில் எங்கள் ரப்பர்த் தோட்டம். உங்கள் வயதில் விடியற்காலை இருட்டில் எழுந்து, பாட்டியோடு காட்டுக்குப் போய், கட்டிப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். கையில் அந்த நாற்றம் போகாது. வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொள்வான்.” நான் பல இடங்களில் சொல்லிப் பழகிய கதைதான் இது. பள்ளி ஆண்டுவிழாவில் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

மூலை நாற்காலியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: “நீ எத்தனை நாள் வந்தாய்?”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“இரண்டு நாள் இருக்கும். மிஞ்சினால் மூன்று. பள்ளி விடுமுறையில் வந்தாய். அட்டை கடித்தது என்று அழுதாய். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாய். உன்னைப் பார்ப்பேனா, மரத்தைப் பார்ப்பேனா என்று அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவே இல்லை. தினமும் வந்தது பெரியவள்.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டுவதுபோல, அவ்வளவுதான். பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ‘நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம்’ என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? அது தவறு. அக்கா அங்கே இல்லை. சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டிப்பாலின் நாற்றம்

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காட்டு வேலையை விளக்கத் தேவையில்லை. ஆனால் என் பொய் எவ்வளவு நுட்பமானது என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள அதைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கவேண்டியிருக்கிறது. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்பார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார்கள். குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் முந்திய வெட்டின் மேல் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்கவேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைத் தோண்டிச் சாக்கில் போடவேண்டும். மங்கைத் துடைத்து வைக்கவேண்டும். பிறகுதான் உளியைப் பட்டையில் வைக்க முடியும். முன்னே ஒரு சின்னக் கை போய் இதையெல்லாம் செய்து கொடுத்தால், பின்னே வருகிறவர் நிற்காமல் வெட்டிக்கொண்டே போகலாம். அந்தச் சின்னக் கைக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது. நிறுக்கிற பால் அம்மாவின் கணக்கில் ஏறும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமாக எனக்கு அது நினைவில் இருக்கிறது. இருட்டில் முன்னால் ஆடிப்போகும் விளக்கு வெளிச்சம், காலடியில் மெத்தையாக அமுங்கும் ஈரச்சருகு, ரப்பர்க்காய் வெடிக்கும் சத்தம், கொசு. எல்லாம் என்னுடையது என்றே இத்தனை காலம் இருந்துவிட்டேன். அன்றிரவு கூடத்தில் பாய்விரித்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். விளக்கு வெளிச்சம் அந்த இரண்டு மூன்று நாளில் பார்த்தது. காய் வெடிக்கும் சத்தம் லயத்திலிருந்தே கேட்கும். நாற்றம்? அதுதான் என்னை உட்காரவைத்தது. கட்டிப்பால் நாற்றத்தை நான் காட்டில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் லயத்து வீட்டில் பின்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அக்காவின் காட்டுச் சட்டை தொங்கும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கை இரண்டும் மடித்துத் தைத்தது. அதற்குக் கீழேதான் நான் படிக்கும் பலகை. மூக்கைப் பொத்திக்கொண்ட பக்கத்துப் பையன் என் வகுப்பில் இருந்தவன் இல்லை. அக்காவின் வகுப்பில் இருந்தவன். அவள் ஒரு நாள் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு ஒரு வருடம் போனாள். அதோடு நின்றாள். ஏன் நின்றாள் என்று நான் கேட்டதே இல்லை. யாரோ ஒருவர் நிற்கவேண்டியிருந்தது, மூத்தவள் நின்றாள். இப்படித்தான் எங்கள் வீட்டில் அந்த விஷயம் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. வயது வந்ததும் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. நான் படிவம் ஐந்து முடித்து, ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. பிறகு தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஒரு பக்கம் வீடுகள் எழும்பின, லயத்தைக் காலி செய்தோம். அது பெரிய கதை, எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். “மறுபடியும் ரப்பர்தான், ஆனால் இங்கே அட்டை இல்லை” என்பாள்.

வெள்ளைத் துணி

அன்று அம்மா அப்படிச் சொன்ன பிறகு நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அக்கா பெரிய கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரம் இருக்கிறது, இருந்தும் அந்தக் கைக்குப் பழைய அழுத்தம்தான் வரும். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “முடிந்துவிட்டதா? கடைசியில் என்ன ஆனது?”

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்பது எத்தனையாவது முறை என்று சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். தகவல் இலாகா வண்டி வரும், சில சமயம் தோட்ட நிர்வாகமே ஏற்பாடு செய்யும். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முதலில் மலாயில் கொசு ஒழிப்பு, அல்லது பிரதமர் எதையாவது திறந்துவைப்பது. அதைப் பொறுத்துக்கொண்டால்தான் தமிழ்ப்படம். கச்சான் விற்பவர் வருவார். முன்பக்கம் இடமில்லாவிட்டால் துணிக்குப் பின்பக்கம் பாய் போட்டு உட்காருவோம். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பியிருக்கும், கதாநாயகன் இடது கையால் குத்துவான். அக்கா சின்னத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள். நான்கு மணிக்கு எழவேண்டிய பெண் அதற்குமேல் உட்கார முடியாது. தூங்கும் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் லயத்துப் பக்கம் நடந்து போவதை, திரையின் வெளிச்சம் முதுகில் ஆட, நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். பார்த்து எதுவும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. இடம் காலியானால் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று வேண்டுமானால் யோசித்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் அவள் குளித்துவிட்டு வந்து சோறு போட்டுக்கொண்டு கேட்பாள்: “கடைசியில் என்ன ஆனது?” நான் சொல்வேன். சண்டையை நடித்துக் காட்டுவேன். வில்லன் குரலில் பேசுவேன். எங்கே இயக்குநர் தப்பு செய்தார் என்றும் சொல்வேன். பத்து வயதில் எனக்கு இயக்குநர் என்றால் யாரென்றே சரியாகத் தெரியாது. நான் தூங்கிப்போன படங்களுக்கும் முடிவு சொல்லியிருக்கிறேன். பல வருடம் கழித்து அப்படி ஒரு படத்தை ஆஸ்ட்ரோவில் பார்த்துவிட்டு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். “நீ அந்தத் தங்கச்சி பிழைத்துக்கொண்டாள் என்றாயே, இங்கே செத்துப்போகிறாளே?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

படத்துக்கு இல்லாத முடிவைச் சேர்ப்பவன் நான் மட்டும் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. 2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தபோது ஈப்போவில் முதல் வாரமே பார்த்தேன். நம் நாட்டிலேயே நடக்கும் கதை, நம் தோட்டத்து ஆள் கோட்டுப் போட்டு நிற்கிறார். தொண்டை அடைத்துப் போய் உட்கார்ந்திருந்தோம். தமிழ்நாட்டில் அந்தப் படம் என்ன நடந்தது என்று காட்டாமல் முடியும். இங்கே கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டார்கள். அரங்கில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் திட்டினார்கள். நான் சிரித்த பக்கம். என் ஜாதி ஆள் ஒருவர் தணிக்கை வாரியத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, சமையலறைக்கு வருகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு வழக்கம்போலச் சொல்லத் தொடங்கினேன். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி கொடுக்கிறான், ஆனால் ஆட்களுக்குத் தனி வண்டி விடுவதை நிறுத்திவிடுகிறான். தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகச் சொல்கிறான். பையன் அன்று வேலைக்குப் போகாமல் நடனம் பழகப் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். பசி. ஒரு பழத்தைத் தொட்டதற்கு அடி வாங்குகிறான். ஓடி வீட்டுக்கு வந்தால் ஊரே அழுகிறது. அவனுக்கோ பசி. பிணங்கள் நடுவே போய்ச் சோற்றில் கைவைக்கிறான், தாய் விரட்டுகிறாள், ஒரு வாய்ச் சோறு தின்னவிடாமல் பிள்ளையை விரட்டிவிட்டேனே என்று பிறகு அந்தத் தாய் கதறுகிறாள். சொல்லும்போதே எனக்கு மறுபடியும் தொண்டை அடைத்தது.

அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “அந்த அக்காக்காரி?”

“யார்?”

“பையனைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டுப் போனாளே. நான் எண்ணெய்ச் சட்டியை இறக்க வந்தபோது அதுவரைக்கும் பார்த்தேன்.”

“லாரியில் போனவர்களோடு அவளும் போய்விட்டாள்.”

“ம்” என்றாள் அக்கா. அடுத்த சட்டியை எடுத்தாள்.

என் கண்ணீருக்கு என்ன மதிப்பெண்

கதையை நான் முழுதாகச் சொன்னேன். வியாபாரியை விடவில்லை, ஒரு ரூபாயை விடவில்லை. பையனின் அக்கா வேம்பு செத்துப்போனதை மட்டும் விட்டிருந்தேன். அதுவும் யாரிடம் சொல்லும்போது? இதற்கு மேல் தூங்கியிருப்பேனா?

அதற்குப் பிறகு ‘வாழை’யை நான் தனியாக இன்னும் இரண்டு முறை பார்த்தேன். இயக்குநர் மாரி செல்வராஜ் தன் சிறுவயதில் நடந்ததைத்தான் படமாக்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் முறை பார்த்தபோது, நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் பாருங்கள் என்று ஒரு பையன் சொல்வதாக எனக்குக் கேட்டது. ஆகவேதான் நானும் உடனே என் கஷ்டக் கணக்கைத் திறந்தேன். மறுபடி பார்க்கும்போது கேட்டது வேறு. அந்தப் பையன் அன்று லாரியில் இல்லை. இருந்திருக்கவேண்டியவன், இல்லை. அவன் இல்லாததற்கு ஒருத்தி காரணம், அவள் லாரியில் இருந்தாள். தப்பித்துவிட்டவன் எடுத்த படம் அது. அந்தக் கடைசிப் பசி வெறும் வயிற்றுப்பசியாக இருந்தால் இவ்வளவு ஆண்டு கழித்தும் ஒருவரை இப்படிப் படமெடுக்கவைக்குமா என்று எனக்குச் சந்தேகம். சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து உயிரோடு இருப்பதற்கு வெட்கப்படுகிற பசி அது. படம் இதை ஒளித்து வைக்கவில்லை, பளிச்சென்று காட்டுகிறது. நான்தான் கண்ணீரில் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன்.

ஆக, படத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. என் கருத்துத்தான் பிழை. அதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைக் கடைக்குப் போனேன். வாய் வரவில்லை. “வாழை எப்படி சார்?” என்றார்கள். “பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

நம் ஊர்ப் படங்களையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். 2015-இல் வந்த ‘ஜகாட்’டை நான் தலையில் தூக்கிவைத்து ஆடியவன். தோட்டத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களின் தொண்ணூறுகளை அதைப்போல் யாரும் எடுக்கவில்லை என்று இப்போதும் சொல்வேன். 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் மொழியைக் காரணம் காட்டி அதை ஒரு மூலையில் ஒதுக்கி, பெரிய சர்ச்சையான பிறகு சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைக் கொடுத்தார்கள். அன்று நான் கடையில் எல்லோருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் நடுவில் நிற்பது ஒரு பையன். அதற்குப் பத்து வருடத்துக்கு முன், 2005-இல், தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ வந்தது. அறுபதுகளில் ஒரு ரப்பர்த் தோட்டம், பல்கலைக்கழகம் வரை படிக்க ஆசைப்படும் சாந்தா என்ற பெண். எங்கள் தோட்டத்துக் கதைதான், எங்கள் லயம்தான், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டைதான். நான் அப்போது சொன்ன கருத்து என்ன என்று நண்பர் ஒருவர் ஞாபகப்படுத்தினார். ‘இழுவை’. இருபது வருடத்துக்கு முந்தியது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். அதைக் கேட்டுத்தான் அவர் அந்தப் படத்துக்குப் போகாமல் இருந்தாராம்.

கொட்டுக்காளியும் கறிவேப்பிலையும்

‘வாழை’ வெளியான 2024 ஆகஸ்ட் 23 அன்றே ‘கொட்டுக்காளி’யும் வெளியானது. அதை நான் தீபாவளிக்கு முன்பே பார்த்து, கடையில் புதைத்தும் விட்டேன். ஓர் ஆட்டோவில் ஒரு குடும்பம் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பின்னணி இசை கிடையாது. கதாநாயகி மீனா வாயைத் திறப்பதே இல்லை என்று சொல்லலாம். முடிவும் கிடையாது. இதற்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டேன். நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். மாமா வெளியே போயிருந்தார். “படம் பார்க்கலாமா?” என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து ஒரு படத்தை முதலிலிருந்து பார்த்ததே கிடையாது. எதைப் போடுவது என்று தேடியபோது ‘கொட்டுக்காளி’ முன்னால் வந்தது. சூரி நடித்தது என்றதும் சிரிப்புப் படம் என்று நினைத்து “போடு” என்றாள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. நான் புதைத்த படத்தை அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கும் குறும்பும் அதில் இருந்தது.

தொண்டையில் சுண்ணாம்பு தடவிய சூரி கரகரவென்று பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடம் இது சிரிப்புப் படம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்தாள், முறத்தில் கறிவேப்பிலைக் கொத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்து உருவத் தொடங்கினாள். நடுவில் அடுப்பைப் பார்க்க இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை வந்து உட்காரும்போது சொன்னதுதான் இந்தப் படத்துக்கு நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம்: “இது நல்ல படம் தம்பி. எழுந்து போய்விட்டு வந்தாலும் இன்னும் அதே சடக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் கேலி செய்யவில்லை. படங்கள் எல்லாமே ஒருவர் இடத்தைவிட்டு நகராமல் இரண்டரை மணி நேரம் உட்காருவார் என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. அப்படி உட்கார வாய்த்தவன் நான். நான் இழுவை என்று சொல்லும் படத்தில்தான் அடுப்பை அணைக்கப் போனவளுக்கும் திரும்பி வர இடம் இருக்கிறது.

ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை மீனா முணுமுணுக்க, சூரி வெறிபிடித்து அவளையும் தடுக்க வந்த பெண்களையும் போட்டு அடிக்கும் காட்சியில் அக்காவின் கை கறிவேப்பிலையில் அப்படியே நின்றது. எதுவும் சொல்லவில்லை. மீனா திருப்பி ஒரு வார்த்தை பேசுவாள் என்று நான் முதல் முறை பார்த்தபோது காத்திருந்தேன், பேசாததில் எரிச்சல் வந்தது. இந்த முறை நான் திரையைப் பார்த்ததைவிடப் பக்கத்தில் பார்த்ததுதான் அதிகம். பேசாமல் இருக்கிறவளின் முகத்தில் எவ்வளவு நடக்கிறது என்று பார்க்க அங்கே மீனாவாக நடித்த அன்னா பென் இருந்தார், இங்கே அக்கா.

பிறகு அந்த மாடு வந்தது. வழியை மறித்து நிற்கும் காளையை நகர்த்த முடியாமல் ஆம்பளைகள் தவிக்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போவாள். அக்கா சின்னதாக ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பா என்று தெரியவில்லை. “அது அவள் வீட்டு மாடு” என்றாள், ஏதோ எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்பதுபோல.

படம் முடிந்தது. முடிந்தது என்றால், நின்றது. சூரி எதையோ பார்த்துவிட்டுத் தயங்கி நிற்க, என்ன செய்யப்போகிறார் என்று சொல்லாமலே எழுத்து ஓடத் தொடங்கியது. நான் அக்காவைப் பார்த்தேன். கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், நாற்பது வருடப் பழக்கம். உதட்டில் ஒரு முடிவுகூடத் தயாராக இருந்தது. அவள் முறத்தைத் தட்டி, காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

“கடைசியில் என்ன ஆனது என்று கேட்கமாட்டாயா?”

“முழுதாகத்தானே பார்த்தேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அக்கா எழுந்து வாசல் பக்கம் போய், கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் குவித்துவிட்டு, ஒவ்வொன்றாக உதறி மடிக்கத் தொடங்கினாள். நானும் ஒரு சட்டையை எடுத்தேன். கை மடிப்பு எனக்குச் சரியாக வரவில்லை. வாங்கி மறுபடி மடித்தாள்.

“வாழையையும் முதலிலிருந்து போடட்டுமா அக்கா? அன்றைக்கு நீ பாதிதானே பார்த்தாய்?”

“வேண்டாம்” என்றாள். “அதுதான் நீ சொல்லிவிட்டாயே.”